மூலை வெட்டும் மிஷின்

மூன்றாவது டிராயர் பாதியில் சிக்கிக்கொண்டது. பெரியவள் மேசைக் காலில் முழங்காலை முட்டுக்கொடுத்து இழுத்தாள். உள்ளே பழைய மின்கட்டண ரசீதுகளும் காய்ந்துபோன பசை டப்பா ஒன்றும் இருந்தன. படம் எதுவும் இல்லை.

"இன்னுமா கிடைக்கல?" என்று ஹாலிலிருந்து சித்தப்பா குரல் கொடுத்தார். "அஞ்சு மணிக்கு வண்டி வந்துரும்மா. தலைமாட்டுல வைக்க ஒண்ணு வேணும்ல?"

"தேடிட்டுதான் இருக்கேன் சித்தப்பா."

முப்பத்தெட்டு வருஷம் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர் அப்பா. ஊரில் பாதிப் பேரின் அடையாள அட்டையில் இருப்பது அவர் எடுத்த முகம்தான். "ஆடாதீங்க, கண்ணைச் சிமிட்டாதீங்க, மூக்கைச் சொறியாதீங்க" என்று எல்லாரையும் ஆட்டிவைத்தவருக்குத் தன்னை ஒருவர் படம் எடுக்க வந்தால் மட்டும் பொறுக்காது. சட்டென்று எழுந்துவிடுவார், இல்லையென்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வீட்டு ஆல்பத்தில் அவருடைய பிடரியும் ஒரு காதும் மட்டும் நிறைய இடங்களில் இருக்கின்றன; அவருடைய அடையாள அட்டையிலோ முகம் வெறும் கறுப்புத் திட்டு. அதையெல்லாம் கொண்டுபோய்த் தலைமாட்டில் வைக்க முடியுமா?

ஆனால் பெரியவளின் மனம் படத்தில் இல்லை. கை ஒரு பக்கம் தேடிக்கொண்டிருக்க, மனம் வேறொன்றைக் குடைந்துகொண்டிருந்தது.

தெருமுனை டாக்டர் இறப்புச் சான்றிதழை அவளிடம் கொடுக்கும்போது சாதாரணமாகத்தான் சொன்னார். "காலையில ஒன்பது, ஒன்பதரைக்கே போயிருக்கணும். நான் வரும்போதே தாடை விறைச்சிருந்துச்சு." பன்னிரண்டேகாலுக்கு அவர் வந்திருக்கிறார். தங்கை பெரியவளுக்கு போன் செய்தது பன்னிரண்டு பத்துக்கு. நடுவில் மூன்று மணி நேரம்.

"நான் அச்சகத்துக்குப் போயிருந்தேன்க்கா. ஒன்பது மணிக்குப் போனேன். பன்னெண்டு மணிக்கு வந்து பார்த்தா..." என்று சின்னவள் அழுதாள். அழும்போது அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. அக்காவின் சட்டைப் பித்தானைப் பார்த்தாள்.

பெரியவளுக்கு ரயிலில் டிக்கெட் பரிசோதகர் வேலை. பதினோரு வருஷ சர்வீஸ். டிக்கெட் இருக்கிறவன் தூங்குவதற்கும் இல்லாதவன் தூங்குவதற்கும் உள்ள வித்தியாசம் அவளுக்குக் கதவருகிலேயே தெரிந்துவிடும். "பர்ஸைத் தொலைச்சிட்டேன் மேடம்" என்பவன் பர்ஸைத் தேடுகிறானா, பதிலைத் தேடுகிறானா என்று பார்ப்பாள். வீட்டிலும் அந்தக் குணத்தை அவளால் கழற்றிவைக்க முடிந்ததில்லை. "பொறந்தப்பவே நர்ஸம்மாகிட்ட டிக்கெட் கேட்டவ இவ" என்று அப்பா கேலி செய்வார். அந்தப் பித்தானைப் பார்த்த பார்வை அவளுக்குப் பிடிக்கவில்லை.

அடுத்தது சின்னவளின் மேசை. அப்பாவின் நாற்காலிக்கு நேர் எதிரே ஜன்னலோரம் இருந்தது. வடிவமைப்புக் கல்லூரியில் கடைசி வருஷம். நான்கு மாதமாக இந்த மேசையில் நடந்துகொண்டிருந்தது ஒரே வேலைதான்: தானே வரைந்து, தானே அச்சடித்து, தானே வெட்டி ஒரு முழுச் சீட்டுக்கட்டு செய்வது. இறுதித் தேர்வே அதுதான். "நாங்கள்லாம் சீட்டாடினா அடி விழும். இப்ப அதுக்கு மார்க்கா!" என்று பெரியவள் போனில் சிரித்திருக்கிறாள்.

கட்டு மேசையிலேயே இருந்தது. பக்கத்தில் அப்பாவின் ஸ்டுடியோவிலிருந்து வந்த மூலை வெட்டும் மிஷின். உள்ளங்கை அளவு இரும்பு. புகைப்படத்தின் மூலையைச் செருகி மேலே அழுத்தினால் கூர்முனை போய் வளைவாகிவிடும். அழுத்துகிற ஒவ்வொரு தடவையும் 'டக்' என்று தெருவுக்கே கேட்கும்.

பெரியவள் கட்டை எடுத்து விரித்தாள். வழக்கமான ஸ்பேடு, ஆட்டின் எதுவும் இல்லை. சாவி, கத்தரிக்கோல், கரண்டி, மூக்குக்கண்ணாடி என்று நான்கு இனங்கள். ராஜா ராணிகளெல்லாம் இந்தத் தெருக்காரர்கள். சாவி ராஜா, பூட்டு ரிப்பேர்க்காரர். கத்தரிக்கோல் ராணி, எதிர்வீட்டுத் தையல்காரி, வாயில் ஊசியோடு. கண்ணாடி இனத்தின் ஜாக்கியைப் பார்த்ததும் அவள் கை நின்றது. தொப்பி, கையில் டிக்கெட், ஒரு புருவம் மட்டும் மேலே ஏறி ஊரையே சந்தேகப்படுகிற முகம். அது அவள்தான். இன்னொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள்.

ஒரு சீட்டு மட்டும் வெள்ளையாக இருந்தது. முதுகில் அச்சு இருந்தது, முன்பக்கம் காலி. ஜோக்கர். அது யாருக்கு என்று அவளுக்குத் தெரியும். "அப்பா அஞ்சு நிமிஷம் உக்கார மாட்டேங்குறாருக்கா. அவர் ஒருத்தர்தான் பாக்கி" என்று போன வாரம்கூட சின்னவள் புலம்பினாள்.

கீழ்வீட்டு டீச்சரம்மா தேநீரோடு மாடியேறி வந்தார். டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"காலையில எட்டரை மணியிலிருந்து டக்கு டக்குனு ஒரே சத்தம்மா. உங்கப்பாதான் வெட்டிக் குடுத்துட்டிருந்தாரு போல. எனக்குத் தலைவலி. மேல வந்து சண்டை போடலாமான்னுகூட நினைச்சேன், பாவி நான். ஒன்பது மணிக்கு டக்குனு நின்னுச்சு. அப்பாடான்னு இருந்துச்சு. அது இப்படித்தான் நின்னிருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"ஒன்பதுக்கா?"

"நியூஸ் ஆரம்பிச்சுது, சத்தம் நின்னுச்சு."

பெரியவள் தேநீரை ஜன்னல் திட்டில் வைத்தாள். "சின்னவ எத்தனை மணிக்கு வெளிய போனா, பார்த்தீங்களா?"

"அவ எங்க போனா? நான் காலையிலிருந்து படிக்கட்டுலதான் உக்காந்து துணி மடிச்சிட்டிருந்தேன். என்னைத் தாண்டாம எப்படிப் போவா?" டீச்சரம்மா அவள் முகத்தைப் பார்த்தார். "ஏம்மா?"

"ஒண்ணும் இல்ல."

ஒன்றும் இல்லாமல் எப்படி? டீச்சரம்மா இறங்கிப் போனதும் மேசையில் இருந்த தடித்த நோட்டை எடுத்தாள். கல்லூரிக்காரர்கள் மாணவர்களிடம் கட்டாயமாகக் கேட்கும் வேலை நோட்டு அது. எந்தப் படத்தை வரைந்தாலும் மூலையில் தேதி போட்டு, ஆரம்பித்த நேரம், முடித்த நேரம் இரண்டையும் எழுத வேண்டும். இல்லையென்றால் மதிப்பெண் கிடையாது. அட்டையின் மேல் சிவப்பு மையில் எழுதி இரண்டு கோடு போட்டிருந்தது: 'சமர்ப்பிப்பு – செவ்வாய், மதியம் 1 மணி.'

இன்று செவ்வாய்.

கடைசியாக எழுதியிருந்த பக்கத்துக்குப் போனாள். அப்பா இருந்தார். நாற்காலியில் சாய்ந்து, தலை லேசாக வலப்பக்கம் சரிந்து, வாய் கொஞ்சம் திறந்து, மார்பு வரை போர்வையோடு. புருவத்தில் தனியாக நீண்டு நிற்கும் அந்த ஒற்றை முடி வரை எதுவும் விட்டுப்போகவில்லை. இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு நேரம் அவர் முகத்தைப் பெரியவளே பார்த்ததில்லை. ஒரு நொடி அழுகை நெஞ்சு வரை வந்தது.

பிறகு மூலையைப் பார்த்தாள். இன்றைய தேதி. 9.40 – 10.55.

அழுகை வந்த வழியே திரும்பிப்போனது.

சின்னவள் பின்னறையில் துணிக்கொடியருகே தனியாக நின்றுகொண்டிருந்தாள். பெரியவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நோட்டைத் திறந்து அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். கத்தவில்லை. ரயிலில்கூட அவள் கத்த மாட்டாள்.

"எந்த அச்சகத்துக்குடி போன?"

சின்னவள் மூலையில் இருந்த நேரத்தைப் பார்த்தாள்.

"ஒன்பது மணிக்கு அப்பா போயிட்டாரு. ஒன்பது நாப்பதுக்கு நீ பென்சில எடுத்திருக்க. ஒண்ணேகால் மணி நேரம் உக்காந்து வரைஞ்சிருக்க."

"அக்கா, நான்..."

"வரைஞ்சியா இல்லையா?"

"வரைஞ்சேன்."

"ஒரு மணிக்குக் குடுக்கணும், ஒரு சீட்டு பாக்கி. மனுஷன் இன்னைக்குத்தான் ஆடாம உக்காந்திருக்காரு. முடிச்சிட்டு அப்புறம் அழுதுக்கலாம்னு நினைச்சியா?"

சின்னவள் கொடியில் தொங்கிய அப்பாவின் சட்டையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், பெரியவள் நம்பியிருப்பாளோ என்னவோ. தங்கை சொல்லவில்லை. சொல்லாததெல்லாம் ஒப்புக்கொண்டதுதான் என்பது பெரியவளின் தொழில் பழக்கம்.

"உனக்கு ஜடை பின்னி ஸ்கூலுக்கு அனுப்பினவ நான்" என்றாள். "எங்கிட்டயே பொய் சொல்ற. அப்பா விஷயத்துல."

"பெரியவளே!" சித்தப்பா கதவைத் தட்டினார். "வண்டி வந்திருச்சு. படம் கிடைச்சுதா?"

பெரியவள் நோட்டை மூடினாள். "இல்ல சித்தப்பா. ஒண்ணும் கிடைக்கல."

படமில்லாமல்தான் அப்பா போனார். படியில் இறக்கும்போது "பாத்து, பாத்து, இடிச்சிராதீங்க" என்று சித்தப்பா சொல்லிக்கொண்டே வந்தார். வண்டியில் எதிரெதிரே இரண்டு பெஞ்சுகள். சின்னவள் அப்பாவின் கால்பக்கம் உட்கார்ந்தாள். பெரியவள் அவளுக்குப் பக்கத்தில் இடம் இருந்தும் தலைப்பக்கம் போய் உட்கார்ந்தாள். ஒரு வளைவில் வண்டி குலுங்கி அப்பாவின் தலை வலப்பக்கம் சரிந்தபோது, படத்தில் இருந்த அதே சரிவு என்று பெரியவளுக்குத் தோன்றியது. வெறுப்பாக இருந்தது. அவள் கை வைத்துத் தலையை நேராக்கினாள்.

மின்மயானத்திலிருந்து திரும்பி வந்தபோது ஆறரை மணி. வெளிச்சம் இன்னும் இருந்தது. சித்தப்பா "நாளைக்கு வர்றேன்" என்று கிளம்பினார். டீச்சரம்மா இட்லியா உப்புமாவா என்றெல்லாம் கேட்காமல், மூடிவைத்த பாத்திரம் ஒன்றை வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார். வீட்டில் இரண்டு பேர் மட்டும். அப்பாவின் நாற்காலி காலையில் இருந்த இடத்திலேயே, மேசையைப் பார்த்தபடி இருந்தது.

எட்டு மணிக்கு ஒரு ரயில் இருந்தது. அதில் போய்விடுவது என்று பெரியவள் முடிவு செய்துவிட்டாள். நாளைக்கு வந்து ஆகவேண்டியதைச் சித்தப்பாவோடு பேசிக்கொள்ளலாம். இவளோடு ஒரு கூரையின் கீழ் இன்று படுக்க முடியாது. இனி என்றைக்குமே முடியாமல்கூடப் போகலாம். தாயில்லாத வீட்டில் அவளுக்கு மிஞ்சியிருப்பது இவள் ஒருத்திதான். அது தெரிந்துதான் பையில் துணியைத் திணித்தாள்.

போகிற போக்கில் மேசையில் இருந்த கட்டைப் பார்த்தாள். என் மூஞ்சி உன் பரீட்சைக்கு வேண்டாம் என்று கண்ணாடி ஜாக்கியைத் தேடி உருவினாள். கிழித்துப்போடலாம் என்றுதான் உருவினாள். கட்டைவிரல் மூலையில் பட்டது.

ஒரு நாளைக்கு ஆயிரம் டிக்கெட் தொடுகிற விரல் அது. மிஷின் ஓட்டை எது, சிகரெட் நெருப்பால் போட்ட ஓட்டை எது என்று அதற்குத் தெரியும். சீட்டை வெளிச்சத்தில் பிடித்தாள். மூலை வளைவாக இல்லை. ஏழெட்டு இடத்தில் நறுக்கி நறுக்கி வளைவு போலப் பண்ணியிருந்தது. நான்கு மூலையும் நான்கு விதம்.

பையைக் கீழே வைத்தாள்.

கட்டு முழுவதையும் மேசையில் பரப்பினாள். முதல் முப்பத்து மூன்று சீட்டுகள் மிஷினில் வெட்டியவை. கண்ணாடிபோல வழவழவென்ற வளைவு, ஒன்றுக்கொன்று மாற்றமில்லை. அது அப்பாவின் கை. கடைசிப் பதிமூன்று சீட்டுகளும் வெள்ளை ஜோக்கரும் வெட்டவே இல்லை, மூலை குத்துகிறது. நடுவில் ஆறு சீட்டுகள் மட்டும் இப்படிக் கோணலும் மாணலுமாக. மேசை ஓரத்தில் நகம் வெட்டும் சின்னக் கத்தரிக்கோல் ஒன்று, அதன் அடியில் பொடிப்பொடியாகக் காகிதத் துணுக்குகள்.

மிஷின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. நான்கு மாதம் உயிரைக் கொடுத்துச் செய்த வேலை. மிஷினில் அழுத்தினால் பத்தே நிமிஷத்தில் முடிந்திருக்கும். ஒரு மணிக்குக் கொடுக்கவேண்டிய பொருளை எவளாவது நகவெட்டிக் கத்தரிக்கோலால் கெடுப்பாளா? அதுவும் ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனால் இரண்டு நாள் சாப்பிடாமல் இருக்கிற இவளா?

"சின்னவளே."

பின்னறையிலிருந்து அவள் வந்து நிலைப்படியில் நின்றாள். அடுத்த அடி வாங்கத் தயாராக நிற்கிற மாதிரி இருந்தது.

"இந்த ஆறையும் எதுல வெட்டின?"

"கத்தரிக்கோல்ல."

"மிஷின் பக்கத்துலதான இருந்துச்சு?"

"மிஷின்ல வெட்டினா சத்தம் கேக்கும்ல. அப்பா முழிச்சுக்..."

பாதியில் நிறுத்தினாள். தான் சொன்னது தன் காதில் விழுந்ததும் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

சின்னவள் தரையைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தாள். "ஒரு வாரமா அவர் தூங்கலக்கா. ராத்திரி பூரா நடப்பாரு. நெஞ்சு கரிக்குது, கேஸ்தான்னாரு. உங்கிட்ட சொல்லாதேன்னாரு, அவ ரயில நிறுத்திட்டு வந்துருவான்னு. இன்னைக்கு வெட்டிட்டே இருந்தவரு, கொஞ்சம் கண்ண மூடிக்கிறேன்னு சாஞ்சாரு. நான்தான் போர்வை போத்தினேன். சந்தோஷமா இருந்துச்சு. தூக்கத்துல எழுப்பினா எப்படிக் கத்துவாரு, உனக்குத் தெரியுமே. அதான் மிஷினத் தொடல. ஃபேனக்கூடக் குறைச்சேன். கத்தரிக்கோல்ல சரியா வரல, விட்டுட்டேன். நிமிந்து பார்த்தா ஆடாம இருக்காரு. இதவிட்டா இந்த ஜென்மத்துல உக்கார மாட்டாருன்னு..."

"சரி. போதும்."

"வரைஞ்சு முடிச்சு, மை போட்டு, பன்னெண்டு மணிக்கு அவருக்குக் காட்டலாம்னு எழுப்பினேன்க்கா. கோவிச்சாலும் பரவால்லன்னு எழுப்பினேன்."

கீழ்வீட்டில் யாரோ தொலைக்காட்சியை அணைத்தார்கள்.

"இத எங்கிட்ட சொல்றதுக்கு என்னடி?"

"எப்படிச் சொல்றது?" சின்னவள் முதல் தடவையாக அவள் கண்ணைப் பார்த்தாள். "ஒண்ணேகால் மணி நேரம் அவர் முகத்தையே பார்த்தேன். புருவத்துல ஒத்த முடி இருக்கு, அதப் பார்த்தேன். மூச்சு இல்ல, அதப் பார்க்கல. நான் என்னத்த வரையப் படிச்சேன்? அதுக்கு, வெளிய போயிருந்தேன்னு சொல்றது பரவால்ல. நீ கேட்டப்போ, வரைஞ்சு முடிச்சிட்டு அழுதுக்கலாம்னு நினைச்சியான்னு... அப்படியே இருந்துட்டுப் போகட்டும்னு தோணுச்சு. அது இதவிடச் சின்னத் தப்பா தெரிஞ்சுது."

பெரியவளுக்குத் தன் மேல் வந்த வெறுப்பு சொல்லி மாளாது. பதினோரு வருஷமாக எத்தனை முகங்களை இப்படிக் கணக்குத் தீர்த்திருக்கிறாளோ. வண்டியில் காலியாக விட்டுவந்த அந்த இடம் நினைவுக்கு வந்தது. மன்னித்துக்கொள் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர்கள் வீட்டில் யாரும் யாரிடமும் அதைச் சொல்லிப் பழக்கமில்லை.

"அந்தப் படத்தைக் கிழிச்சிரட்டுமா?" என்று சின்னவள் கேட்டாள்.

"கிழிச்சா கையை ஒடிப்பேன்." பெரியவள் நாற்காலி ஒன்றை மேசையருகே இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "காலேஜ்ல என்ன சொன்னாங்க?"

"வெள்ளிக்கிழமை குடுக்கலாம்னாங்க."

"அந்த ஆறும்?"

"திரும்ப அச்சடிச்சுக்கலாம்."

"என் மூஞ்சிய அச்சடிக்க வேணாம். அது அப்படியே இருக்கட்டும். இப்ப மீதிய வெட்டுவோம். நீ எடுத்துக் குடு."

சின்னவள் வந்து எதிரே உட்கார்ந்தாள். வெட்டாத சீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டி நேராக்கினாள். மிஷினை அக்காவின் பக்கம் நகர்த்தினாள். பிறகு, தான் செய்வது என்னவென்று பார்க்காமலே, அப்பாவின் நாற்காலிக் கையில் கிடந்த அவருடைய துண்டை எடுத்து நான்காக மடித்து மிஷினுக்கு அடியில் கொடுத்தாள்.

பெரியவள் அந்தத் துண்டைப் பார்த்தாள். ஒரு கையால் மிஷினைத் தூக்கி, மறுகையால் துண்டை மெதுவாக உருவி மடியில் வைத்துக்கொண்டாள். வெறும் மரத்தின் மேல் மிஷினை வைத்தாள். முதல் சீட்டின் மூலையைச் செருகி அழுத்தினாள்.

டக்.

இரண்டு பேரும் அப்பாவின் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார்கள்.